பாம் கருவியும் புதிய கணினியும்: கேள்வி பதில்

அல்சூரிலிருந்து: அப்பாவின் பாம் எம்505 கையடக்கக் கணினியில் பழைய முகவரிகள் இருக்கின்றன, ஐயா. விண்டோஸ் 11-இல், அதற்கான கணினி நிரலான பாம் டெஸ்க்டாப் திறக்கிறது. கருவியையும் கணினியையும் ஒத்திசைக்கும் ஹாட்சிங்க் மட்டும் நடக்கவில்லையே?

பதில்: முதலில் கருவியை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள், மின்கலம் அடியோடு தீர்ந்தால் எம்505-இன் நினைவகத்தில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். விண்டோஸ் 11 என்பது 64 பிட் பதிப்பு மட்டுமே. அதில் 32 பிட் நிரல்கள் ஓடும் என்றாலும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்கும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) 64 பிட்டாகவே இருக்க வேண்டும், யூ.எஸ்.பி. ஹாட்சிங்குக்கு அப்படியொரு டிரைவரைப் பாம் நிறுவனம் வெளியிடவில்லை. ஆகவே கணினிக்குள் ஒரு விர்ச்சுவல் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் நிரலில் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவி, அதற்குள் பாம் டெஸ்க்டாப்பை வையுங்கள். ஹாட்சிங்க் பொத்தானை அழுத்திய பிறகுதான், அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டும், கருவி கணினியின் கண்ணுக்குத் தெரியும் என்பதால், அந்த நேரத்தில் 0830 என்ற தயாரிப்பாளர் எண்ணுக்கு, கருவியை விர்ச்சுவல் கணினிக்குள் அனுப்பும் யூ.எஸ்.பி. ஃபில்டரை விர்ச்சுவல்பாக்ஸில் அமைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். கணினியிலுள்ளது கருவியிலுள்ளதை மேலெழுதட்டும் என்ற தேர்வை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

மல்லேஸ்வரத்திலிருந்து: இவ்வளவு சிரமம் எதற்கு? பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய எக்ஸ்பி மடிக்கணினி ஒன்றை வாங்கினால் முடிந்தது.

பதில்: முடியும்தான், அதன் ஹார்டு டிஸ்க் உயிரோடு இருக்கும்வரை. எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், அதை இணையத்தில் இணைப்பதும் தகாது.

மல்லேஸ்வரத்திலிருந்து: பழைய மடிக்கணினியின் அசல் சீரியல் போர்ட் (யூ.எஸ்.பி.க்கு முந்தைய இணைப்புத் துளை) தரும் உறுதியை உங்கள் விர்ச்சுவல் கணினி தருமா?

பதில்: சீரியல் தொட்டில் (கருவியை நிறுத்திக் கணினியோடு இணைக்கும் தாங்கி) கொண்ட பாம் III வைத்திருப்பவருக்கு நீங்கள் சொல்வதே சரி. யூ.எஸ்.பி. தொட்டில் வைத்திருப்பவருக்கு அந்தப் போர்ட்டால் பயனில்லை. விர்ச்சுவல் கணினியை நகலெடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். மடிக்கணினியை அப்படி நகலெடுக்க முடியாது என்பதால் என் கருத்தில் மாற்றமில்லை.

காமனஹள்ளியிலிருந்து: விண்டோஸ் 11-இல் ஹாட்சிங்க் ஏன் வேலை செய்யவில்லை?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். சார்ஜ் செய்துவிட்டுப் படியுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: ஐபாக் கையடக்கக் கணினியை ஒத்திசைக்கும் நிரலான விண்டோஸ் மொபைல் டிவைஸ் சென்டர், விண்டோஸ் 10-இல் திறந்ததும் உறைந்துவிடுகிறது.

பதில்: இங்கே கோளாறு டிரைவரில் இல்லை. 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு, ஒன்றாக ஓடிய பின்னணிச் சேவைகளைத் தனித்தனியாகப் பிரித்தது. சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் மொபைல் என்று தொடங்கும் இரண்டு சேவைகளின் லாக் ஆன் கணக்கையும் லோக்கல் சிஸ்டம் என மாற்றி, கணினியை மறுபடி தொடங்குங்கள். பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

ஜெயநகரிலிருந்து: எங்கள் ஊரில் உருவான சிம்ப்யூட்டர் கையடக்கக் கணினிக்கு வழியுண்டா?

பதில்: அது லினக்ஸில் ஓடியது, லினக்ஸ் அறிந்தவரைக் கேளுங்கள்.

அல்சூரிலிருந்து: ஹாட்சிங்க் நடந்துவிட்டது, ஐயா! இனி?

பதில்: முகவரிகளை விகார்டு என்ற முகவரிக் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து கைப்பேசியில் சேருங்கள். அவை சரியாக வந்துள்ளனவா என்று பார்க்கும்வரை எம்505-ஐத் தொட்டிலிலிருந்து எடுக்காதீர்கள்.