பாண்டா, செக்கா: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஆப்டிட்யூட், கோடிங், டெக்னிக்கல் ரவுண்டுகள் எல்லாம் தேறிவிட்டேன். எச்.ஆர். ரவுண்டில், இரண்டு ஆண்டு பாண்டு, நடுவில் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்றார்கள். ஒரிஜினல் டிகிரி சான்றிதழும், தொகை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்கும் கேட்கிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். பாண்டில் கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொள்வேனா?

பதில்: இத்தனை ரவுண்டு தாண்டியதற்கு வாழ்த்துகள். பாண்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேட்ட மூன்றில் ஆபத்து குறைந்தது அதுதான்.

பாண்டைக் காட்டி உங்களை அங்கேயே வேலை பார்க்க வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. பணம் கேட்டு சிவில் வழக்குத்தான் போட முடியும். அதிலும், ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, 2 லட்சம் என்பது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். அதற்காக பாண்டு வெறும் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் 3 ஆண்டு, 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொதுத்துறை வங்கி, மறுபடி ஆள் எடுக்கும் செலவு என்பதையெல்லாம் பார்த்து வந்த தீர்ப்பு அது. உங்கள் பாண்டில் பயிற்சி எத்தனை வாரம், நிறுவனமே உங்களை வேலையை விட்டு அனுப்பினாலும் பணம் கட்ட வேண்டுமா என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள்.

செக்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. சிவில் தகராறாக முடிய வேண்டியதை அது கிரிமினல் வழக்காக்கிவிடும். கையெழுத்திட்ட வெற்று செக்கை நீங்களாகக் கொடுத்திருந்தால், தொகையை வேறொருவர் நிரப்பினாலும், கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் அனுமானிக்கும். 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. கடன் இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில். அந்த செக் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம் உண்டு. பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துத் தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சரி, சான்றிதழ்? ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் இல்லை. பிடித்து வைத்த கல்லூரிகளையே சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

இன்றே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "ஒரிஜினல்களைச் சரிபார்க்கக் கொண்டு வருகிறேன், திரும்ப எடுத்துச் செல்வேன். செக் தர இயலாது. பாண்டின் நகலை முன்கூட்டியே அனுப்புங்கள்." போனில் பதில் சொன்னால், சொன்னதை மெயிலில் கேளுங்கள். அந்த நகல் வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள், திங்கட்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.