வெல்லமும் கரித்தூசியும்

கேள்வி: என் வீட்டுக்காரர் நிலக்கரி உடைக்கும் கிரஷரில் வேலை பார்க்கிறார். முகத்துக்குத் துண்டுதான் கட்டுகிறார். சாயங்காலம் ஓர் அச்சு வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்கிறார். சளி கறுப்பாக வருகிறது. துண்டு போதுமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: நானும் வெல்லம் தின்றவன்தான் அம்மா. ஓர் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிப் பிரிவில் 26 வருஷம் ஃபோர்மேன். உங்கள் ஊர்ப் பக்கத்து வெல்லம் ருசியாக இருக்கும், சரி. ஆனால் அது போவது வயிற்றுக்கு, தூசி போவது நுரையீரலுக்கு.

துண்டு போதாது. கறுப்புச் சளியில் வருவது பெரும்பாலும் மேலேயே சிக்கிக்கொண்ட தூசி. உள்ளே போய்த் தங்குவது 5 மைக்ரானுக்கும் சிறியது. நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். துண்டின் இழைகளுக்கு நடுவே அந்தத் தூசி தாராளமாக நுழையும். என்95 மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் படியாது, அதனால் சவரம் செய்யச் சொல்லுங்கள்.

ஆனால் மாஸ்க் கடைசி வேலி. கரி மேலிருந்து விழும் இடத்தில்தான் தூசி கிளம்புகிறது. எங்களிடம் கரி ஓடும் ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்கு ஆறடி உயரத்திலிருந்து கொட்டும். கரி இறங்கும் சரிவுக் குழாயை (‘சூட்’ என்போம்) நீட்டி, ஓரமெல்லாம் ரப்பர் பட்டை கட்டியதும் எதிரே நிற்பவன் முகம் தெரிந்தது! ஹோஸ் பைப்பில் பீய்ச்சுவதால் பெரிய பலன் இல்லை. பெரிய துளி வரும்போது நுண்தூசி காற்றோடு விலகிவிடும். கிரஷர் வாயிலேயே நாசில் வைத்துப் பனி மாதிரித் தெளிக்க வேண்டும். கரி லேசில் நனையாது என்பதால் தண்ணீரில் நனைப்பான் ரசாயனம் கொஞ்சம் கலப்பார்கள். மழைக்காலத்தில் சூட் அடைக்கிறதென்று தண்ணீரையே மூடிவிடுவதும் உண்டு. நானே மூடியிருக்கிறேன்.

குவார்ட்ஸ் என்கிற கல்துகள் 5 சதவீதத்துக்குக் குறைவான கரியென்றால், ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2025-இல் புதிய சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இது இருந்தது. காற்றை அளந்தார்களா என்று நாலைந்து பேராகச் சேர்ந்து கேட்கட்டும். தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது.

அப்புறம், கிளம்பும்போது ஏர் பைப்பால் சட்டையை ஊதிக்கொள்வார், பாருங்கள், அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மார்பு எக்ஸ்ரேயும் நுரையீரல் ஊதும் சோதனையும் செய்துகொள்ளட்டும். எத்தனை வருஷமாகக் கரி வேலை என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். இருமல் என்று மட்டும் சொன்னால் டி.பி. சோதனையோடு அனுப்பிவிடுவார்கள்.