பணம் வருகிறது, எடுக்கும் உரிமை மட்டும் என்னிடம் இல்லை

கேள்வி: என் கணவருக்கு மூன்று ஆண்டுக்கு வெளிநாட்டுப் பணி. நானும் இரண்டு பிள்ளைகளும் இங்கே இருக்கிறோம். சம்பளம் அவர் பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறது. மாதாமாதம் எனக்கு ஒரு தொகை அனுப்புகிறார். சில மாதம் போதும், சில மாதம் பற்றாது. மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. போன மாதம் இரவில் மகனை மருத்துவமனையில் சேர்த்தபோது பணம் கட்ட முயன்றேன். ஓடிபி அவர் போனுக்குப் போனது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுப் படியை வைத்து வீட்டுக் கடனை சீக்கிரம் அடைக்கலாம் என்கிறார் அவர். அடைப்பதா, சேமிப்பதா?

பதில்: கடன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அந்த இரவைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கணக்கில் பணம் இருக்கிறது, உங்களால் எடுக்க முடியவில்லை. வீட்டை நடத்தும் பொறுப்பு முழுக்க உங்களிடம், பணத்தைத் தொடும் அதிகாரம் முழுக்க அவரிடம் என்று பிரிந்து கிடக்கிறது. அவர் கேட்டதும் கொடுப்பவர் என்பதால் இது இத்தனை நாள் கண்ணில் படாமல் இருந்திருக்கும்.

முதல் வேலை கூட்டுக் கணக்கு. இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக இயக்கலாம் என்ற முறையில் அது இருக்க வேண்டும். இரண்டு கையெழுத்தும் கேட்கும் கணக்கு உங்களுக்கு உதவாது. உங்களுக்கென்று தனி கார்டு, தனி நெட்பேங்கிங், ஓடிபி உங்கள் எண்ணுக்கு. வெளிநாட்டில் வசிப்பவர்களின் கணக்குக்கு சில நாடுகளில் தனி விதிகள் உண்டு என்பதால், எந்த வகையில் திறக்கலாம் என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டாகத் திறக்க வழியில்லை என்றால் உங்கள் பெயரில் ஒரு கணக்கு வைத்து, வீட்டுப் பணம் நேரே அதில் விழட்டும். அவருடைய கடவுச்சொல்லை வாங்கி வைத்துச் சமாளிக்க வேண்டாம். ஏதாவது மோசடி நடந்தால், கடவுச்சொல்லைப் பகிர்ந்ததைக் காரணம் காட்டி வங்கி கையை விரித்துவிடலாம்.

அடுத்தது பவர் பத்திரம், அதாவது அவர் சார்பில் நீங்கள் கையெழுத்திட அவர் எழுதித் தரும் அதிகாரம். வீட்டுக் கடன், சொத்து, வரி, காப்பீடு என்று அவர் கையெழுத்து தேவைப்படும் வேலைகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுப் பவர் தேவையில்லை. எந்தெந்த வேலைக்கு என்று குறிப்பிட்டு, காலக்கெடு போட்டு எழுதினால் இருவருக்கும் நிம்மதி. அவர் அங்கிருந்தே கையெழுத்திட்டால் தூதரகச் சான்றோ, 1961 ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருந்தால் அப்போஸ்டில் முத்திரையோ (ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அந்த நாட்டு அரசு தரும் சான்று) கேட்பார்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செல்லாது. அதனால் உயிலும், கணக்குகளிலும் பாலிசிகளிலும் நாமினி பெயரும் சரியாக இருக்க வேண்டும். இதைப் பேச மனசு வராதுதான். ஆனாலும் பேசிவிடுங்கள்.

இனி மாதத் தொகை. அவர் அந்த நாட்டுப் பணத்தில் நிலையான தொகை அனுப்பினால், மாற்று விகிதம் ஏறி இறங்கும்போதெல்லாம் உங்கள் வீட்டு பட்ஜெட்டும் ஆடும். "சில மாதம் பற்றாது" என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டுச் செலவை நம் பணத்தில் கணக்கிட்டு, அந்தத் தொகை வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை போன்ற ஆண்டுச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து அதிலேயே சேர்த்துவிடுங்கள். அனுப்பும் செலவையும் பாருங்கள். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்பவர்கள் மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்வது உண்டு. கையில் கடைசியாக எவ்வளவு வருகிறது என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். உலக அளவில் சிறு தொகை அனுப்பும் செலவு சராசரியாக 6 சதவீதத்தை ஒட்டி இருந்துவருகிறது. 2030க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. சில நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே கணிசமாக மிச்சமாகும்.

கூச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அங்கே நிம்மதியாக வேலை பார்ப்பது, இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் நீங்கள் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வதால்தான். அந்த வருமானம் இருவருடையது. மாதம் ஒருமுறை இருவரும் போனில் உட்கார்ந்து வரவு செலவைப் பாருங்கள், அவருக்கு அங்கே ஆகும் செலவையும் சேர்த்து. நீங்கள் மட்டும் கணக்கு ஒப்பிக்கும் இடமாக அது ஆகிவிடக் கூடாது.

சரி, கடன். வெளிநாட்டுப் படி பணி முடிந்ததும் நின்றுவிடும். அதனால் அன்றாடச் செலவு அடிப்படைச் சம்பளத்துக்குள் இருக்கட்டும். படியில் முதலில் ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி, கூடவே அவர் திடீரென்று கிளம்பி வர விமானக் கட்டணம். இரண்டும் நீங்கள் எடுக்கக்கூடிய கணக்கில். அலுவலக மருத்துவக் காப்பீடு அவருக்கு மட்டுமா, உங்களுக்கும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் கடன். அவர் சொல்வது தவறில்லை. பாதுகாப்பான சேமிப்பில் வரி போக கிடைக்கும் வட்டியைவிடக் கடன் வட்டி அதிகம் என்றால் அடைப்பதே லாபம். கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுப்பது கடினம் என்பதால்தான் வரிசையை இப்படி வைக்கிறேன்.

அடுத்த விடுப்பில் அவர் வரும்போது வங்கி, பத்திர வேலைகளை முதல் இரண்டு நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஆவணம் குறைந்தாலும் சரிசெய்ய நாள் மிச்சம் இருக்கும்.