எச்டிஆர் டிவி: கேளுங்கள், சொல்கிறேன்

எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் சாதாரணப் படத்தைவிட அதிக வீச்சில் காட்டும் முறை) உள்ள விலை உயர்ந்த டிவி வாங்கும் முன் என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். டிவி கேலிபிரேஷன் (திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து சரிசெய்வது) என் தொழில், எந்தக் கம்பெனிக்கும் நான் ஆள் இல்லை. பெரும்பாலும் 2025 மாடல்களை வைத்துப் பேசுகிறேன். விலை வாராவாரம் மாறுவதால் அதை மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, 65 அங்குலம். எல்ஜி ஜி5, சாம்சங் எஸ்95எஃப், சோனி பிராவியா 8 மார்க் 2, இந்த மூன்றில் எது?

பதில்: மூன்றும் ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை), மூன்றுமே அருமை. அதனால் டிவியை எந்த அறையில் மாட்டப் போகிறீர்கள் என்பதுதான் முதல் விஷயம். ஜி5-இல் இருப்பது நான்கு அடுக்கு ஒளி உமிழும் புதிய பேனல். நீலம் இரண்டு அடுக்கு, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, அதனால்தான் பழைய எல்ஜி ஓலெட்களைவிட வெளிச்சம் எகிறியிருக்கிறது. மற்ற இரண்டும் க்யூடி ஓலெட். நீல ஒளியை குவாண்டம் டாட் வழியாகச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிற பேனல் அது, தனியாக வெள்ளைப் பிக்சல் கிடையாது, அதனால் வெளிச்சம் ஏறினாலும் நிறம் வெளுக்காது. ஆனால் வெளி வெளிச்சம் பட்டுத் திரும்புவதைத் தடுக்கும் போலரைசர் படலமும் அதில் இல்லை. பகல் வெளிச்சம் பட்டால் கருப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகிவிடும். சாம்சங் மேட் பூச்சு போட்டு, ஜன்னலும் டியூப்லைட்டும் திரையில் அப்படியே தெரிவதை நிறுத்தியிருக்கிறது, சாம்பல் மட்டும் போகவில்லை.

ஆகவே பகலில் வெளிச்சமான ஹால் என்றால் ஜி5. டிவிக்கு நேர் எதிரே ஜன்னல் இருந்து அதை மறைக்கவே முடியாது என்றால் எஸ்95எஃப். இரவில் விளக்கை அணைத்துவிட்டு சினிமா பார்க்கிற ஆள் என்றால் யோசிக்காமல் சோனி, அசைவைக் கையாள்வதிலும் சுமாரான ஒளிபரப்பைத் தேற்றிக் காட்டுவதிலும் அவர்கள் இன்னும் ஒரு படி மேலேதான். ஒரு எச்சரிக்கை: அளவை மாற்றினால் பேனலும் மாறலாம். ஜி5-இன் 48, 97 அங்குலத்தில் அந்த நான்கு அடுக்குப் பேனல் இல்லை, எஸ்95எஃப்-இன் 83 அங்குலம் க்யூடி ஓலெட்டே இல்லை. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

கேள்வி: கடையில் ஒரு டிவிக்கு 4000 நிட்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையில் எவ்வளவு தேவை சார்?

பதில்: நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. அந்த எண் எப்போதுமே திரையின் ஒரு சின்னப் பகுதிக்கான எண். கருப்புத் திரை நடுவே சிறிய வெள்ளைக் கட்டம் போட்டு, அதுவும் நிறம் தப்பினாலும் பரவாயில்லை என்று விவிட் மோடில் வைத்து அளந்தால் எதுவும் வரும். திரை முழுக்க வெள்ளையாக இருந்தால் (பனி மலைக் காட்சி, வெயிலில் நடக்கும் மேட்ச்) ஓலெட் தானாகவே வெளிச்சத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்துக்கும் சூட்டுக்கும் ஒரு வரம்பு இருக்கிறதே.

படம் எடுப்பவர்கள் பக்கமிருந்து பாருங்கள். பெரும்பாலான எச்டிஆர் படங்கள் 1000 நிட்ஸ் உச்சத்துக்குள் தயாராகின்றன, சில மட்டும் 4000. அதிலும் சாதாரண வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காகிதம் எல்லாம் 203 நிட்ஸ் அளவில் இருக்கட்டும் என்பதே சர்வதேசப் பரிந்துரை. அதற்கு மேலே உள்ளது விளக்கு, தீப்பொறி, தண்ணீரில் மின்னும் வெயில் மாதிரி சின்னச் சின்ன இடங்களுக்கு. நம் கண்ணும் இரண்டு மடங்கு நிட்ஸை இரண்டு மடங்காக உணராது. சரியான நிறத்தோடு 1000 நிட்ஸ் தொடும் டிவி சினிமாவுக்குப் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பகல் வெளிச்சத்தோடு போட்டி போடத்தான்.

கேள்வி: சாம்சங்கில் டால்பி விஷன் இல்லையே, அதனால் ஒதுக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். எச்டிஆரில் பல வகை உண்டு. அடிப்படை வகையான எச்டிஆர்10-இல், இந்தப் படத்தின் அதிகபட்ச வெளிச்சம் இவ்வளவு என்று படம் முழுவதற்கும் ஒரே ஒரு குறிப்புத்தான் போகும். டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி குறிப்பு அனுப்பும். 2017-இல் சாம்சங்கும் அமேசானும் அறிவித்த எச்டிஆர்10 பிளஸ்ஸும் அதே வேலையைத்தான் செய்கிறது, டால்பிக்கு உரிமத் தொகை கட்டாமல். எல்ஜியும் சோனியும் எச்டிஆர்10 பிளஸ் பக்கம் போவதில்லை, சாம்சங் டால்பி பக்கம் போவதில்லை. கௌரவப் பிரச்சினை மாதிரி ஆகிவிட்டது. பானசோனிக், டிசிஎல், ஹைசென்ஸ் இரண்டையும் கொடுக்கிறார்கள்.

அந்தக் குறிப்புகள் எதற்கு? படத்தில் இருக்கும் வெளிச்சம் டிவியால் முடியாத அளவுக்குப் போனால் எப்படிச் சுருக்குவது என்று சொல்ல. பெரிய குடும்பத்தைச் சின்ன ஆட்டோவில் ஏற்றும்போதுதான் யார் எங்கே உட்காருவது என்ற பேச்சே வரும். எஸ்95எஃப் மாதிரி 1000 நிட்ஸைச் சுலபமாகத் தாண்டும் டிவியில் சுருக்கவே அதிகம் இல்லை, வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். நாற்பதாயிரம் ரூபாய் டிவியில் டால்பி விஷன் இருந்தால் நிஜமாகவே உதவும். போதாக்குறைக்கு நெட்பிளிக்ஸும் 2025 மார்ச்சில் எச்டிஆர்10 பிளஸ் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

கேள்வி: என் 43 அங்குல டிவியில் எச்டிஆர் படம் போட்டால் சாதாரணப் படத்தைவிட இருட்டாக இருக்கிறது. டிவி கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை, அதிகம் வருகிற கேள்வியே இதுதான். சாதாரணப் படத்தில் வெளிச்சத்துக்கு நிலையான அளவு கிடையாது, டிவியின் பிரைட்னஸை ஏற்றினால் எல்லாமே ஏறும், ஹால் வெளிச்சத்துக்கு ஏற்ப நாம் ஏற்றியே பழகிவிட்டோம். எச்டிஆரில் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை நிட்ஸ் என்று எழுதியே அனுப்புகிறார்கள், அதுவும் இருட்டறையில் உட்கார்ந்து முடிவு செய்த அளவு. டிவி எச்டிஆர் வந்ததுமே பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை) உச்சத்தில் வைத்துவிடுகிறது, அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. உங்கள் டிவியின் உச்சம் முந்நூறு நிட்ஸ் பக்கம்தான் இருக்கும், லோக்கல் டிம்மிங்கும் (இருட்டான பகுதியில் மட்டும் பேக்லைட்டைக் குறைக்கும் வசதி) இருக்காது. மேலே உள்ள வெளிச்சத்துக்கு இடம் விட வேண்டுமென்று அது மொத்தப் படத்தையும் கீழே இறக்குகிறது. அட்டையில் எச்டிஆர் லோகோ இருப்பதற்கு அந்த சிக்னலை வாங்கிக்கொண்டால் போதும், காட்டத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முதலில் மின்சேமிப்பு மோடை அணையுங்கள், பாதிப் பேருக்கு அதோடு தீர்ந்துவிடும். டால்பி விஷன் இருந்தால் டார்க் என்பதை விட்டு பிரைட் வையுங்கள். டைனமிக் டோன் மேப்பிங் (காட்சிக்கு ஏற்ப டிவியே வெளிச்சத்தைச் சரிசெய்வது) இருந்தால் போடுங்கள். இயக்குநர் நினைத்தபடி இருக்காதுதான், ஆனால் முகம் தெரியும். அப்புறமும் பிடிக்கவில்லையா, ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் எச்டிஆரையே அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்த விலை டிவியில் அதுதான் பல நேரம் நன்றாகவே இருக்கும், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போட்டதிலிருந்து பழைய படம், சீரியல் எல்லாமே ஒருமாதிரி அடிக்கிற நிறத்தில் தெரிகிறது ப்ரோ.

பதில்: ஸ்டிக் எல்லாவற்றையும் எச்டிஆராக மாற்றி அனுப்புகிறது. டிஸ்பிளே செட்டிங்கில் எச்டிஆரை ‘எப்போதும்’ என்பதிலிருந்து ‘தேவைப்படும்போது’ என்று மாற்றுங்கள். ஆப்பிள் டிவி பெட்டியில் ‘மேட்ச் டைனமிக் ரேஞ்ச்’. கூடவே டிவியில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கான முழுத் தரத்தைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா பாருங்கள்: எல்ஜியில் டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட். பல வீடுகளில் இதைத் தொடாமலே வருடக்கணக்கில் பார்க்கிறார்கள்.

கேள்வி: வீட்டில் அப்பா காலையிலிருந்து ராத்திரி வரை நியூஸ் சேனல். ஓலெட் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கீழே ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் நிற்கும் லோகோவும் தினமும் பல மணி நேரம் ஒரே இடத்தில் எரிந்தால் தழும்பு விழும் வாய்ப்பு உண்டு. புதிய பேனல்கள் முன்பைவிடத் தாங்குகின்றன என்பது உண்மை, அதற்காக அப்பாவை வைத்துச் சோதிக்க வேண்டாம். நல்ல மினி எல்இடி (பேக்லைட்டாகச் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள் நிறைய உள்ள டிவி) எடுங்கள். முழுத்திரை வெளிச்சத்தில் அது ஓலெட்டை ஜெயிக்கும். இருட்டுக் காட்சியில் சப்டைட்டிலைச் சுற்றிக் கொஞ்சம் ஒளி கசியும், பக்கவாட்டில் உட்கார்ந்தால் நிறம் மங்கும், அவ்வளவுதான்.

கேள்வி: பிஎஸ்5-க்கு டால்பி விஷன் டிவி அவசியமா?

பதில்: பிஎஸ்5-இல் டால்பி விஷனே கிடையாது, எச்டிஆர்10 மட்டும்தான். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் உண்டு. கேமுக்கு டிவியில் எச்ஜிஐஜி (கேம் அனுப்பும் வெளிச்சத்தை டிவி தன்னிச்சையாக மாற்றாமல் விடுவது) என்ற தேர்வு இருந்தால் அதைப் போட்டு, கன்சோலில் எச்டிஆர் அளவைச் சரிசெய்யுங்கள். சோனி டிவி எடுப்பதானால் ஒன்று: 4கே படத்தை நொடிக்கு 120 முறை வாங்கும் போர்ட் இரண்டுதான், அதில் ஒன்றை சவுண்ட்பார் பிடித்துக்கொள்ளும். எல்ஜி ஜி5, சாம்சங் எஸ்95எஃப் இரண்டிலும் நான்கு.

கேள்வி: டால்பி விஷன் 2, ஆர்ஜிபி எல்இடி என்றெல்லாம் வருகிறதாமே, காத்திருக்கலாமா?

பதில்: டால்பி விஷன் 2-ஐ 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள், முதலில் கைகோத்தது ஹைசென்ஸ். அதில் எனக்குப் பிடித்தது அசைவைக் காட்சிக்குக் காட்சி கட்டுப்படுத்தும் வசதி. ஓலெட்டில் கேமரா மெதுவாகத் திரும்பும்போது படம் விட்டுவிட்டுத் துள்ளுமே, அதற்கு மருந்து. ஆனால் அதற்கேற்ற படங்கள் நிறைய வர வேண்டும். ஆர்ஜிபி எல்இடியில் வெள்ளை அல்லது நீல பேக்லைட்டுக்குப் பதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக எரியும். நல்ல யோசனை, ஆனால் 2025-இல் ஹைசென்ஸ் 116, சாம்சங் 115 அங்குலத்தில் தொடங்கினார்கள், நம் வீட்டு லிஃப்டில் கூட ஏறாது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. இருக்கும் டிவி சகிக்கவில்லை என்றால் இப்போதே வாங்குங்கள், நன்றாக ஓடினால் விடுங்கள்.

கேள்வி: கடையில் எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: கடையில் ஓடும் பூ, மீன், வண்ணப்பொடி வீடியோவில் எல்லா டிவியும் ராஜாதான். ரிமோட்டைக் கேட்டு வாங்கி ஃபிலிம்மேக்கர் மோட் (இயக்குநர் நினைத்தபடி படத்தைக் காட்டும் மோட்) போடச் சொல்லுங்கள். முதலில் மஞ்சளாகத் தெரியும், சில நிமிடம் பொறுங்கள், கண் பழகிவிடும். அப்புறம் யூடியூபில் நீங்கள் நன்றாக அறிந்த ஒரு எச்டிஆர் வீடியோ. அதில் இருட்டான இடத்தில் தலைமுடி தெரிகிறதா, வெயில் பட்ட நெற்றி வெறும் வெள்ளையாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். 65 அங்குலம் என்றால் ஒன்பது அடி தள்ளி நின்று பாருங்கள், வீட்டில் சோபா கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.