சிபைத்தான் டெஸ்டுகள்: ஓட்டுவதும் சேர்ப்பதும் (கேள்வி பதில்)

கேள்வி: சார், சிபைத்தான் (சி மொழியில் எழுதப்பட்ட, பைத்தானின் முதன்மை இன்டர்ப்ரெட்டர்) சோர்ஸை இறக்கிவிட்டேன். டெஸ்டுகளை ஓட்ட எங்கே தொடங்குவது?

பதில்: டீபக் பில்டில் (பிழை தேட உதவும் கூடுதல் சோதனைகளோடு தொகுப்பது) தொடங்குங்கள். கன்ஃபிகர் செய்யும்போது --வித்-பைடீபக் கொடுக்காவிட்டால் சி கோடில் உள்ள அசர்ட்கள் (ஒரு நிபந்தனை உண்மைதானா என்று சரிபார்க்கும் வரிகள்) வேலை செய்யாது. மேக் (சோர்ஸைத் தொகுக்கும் கட்டளை) முடிந்ததும் சோர்ஸ் ஃபோல்டரில் நின்று ./பைத்தான் -எம் டெஸ்ட் -ஜே0 அடியுங்கள். கோர்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி அத்தனை ப்ராசஸ் ஓடும். முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இல்லாவிட்டால் சிஸ்டத்தில் ஏற்கெனவே உள்ள பைத்தான் ஓடும்; நீங்கள் மாற்றிய கோடைத் தொடாமலே பாஸ் வரும். மேக்ஓஎஸ்ஸில் ஃபைலின் பெயர் பைத்தான்.இஎக்ஸ்இ. சோர்ஸிலேயே பைத்தான் என்றொரு ஃபோல்டர் இருக்கிறது, அங்கே ஃபைல்சிஸ்டம் வழக்கமாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை என்பதால் இந்த ஏற்பாடு.

கேள்வி: ஒரே ஒரு டெஸ்டை மட்டும் ஓட்ட முடியுமா?

பதில்: ./பைத்தான் -எம் டெஸ்ட் -வி டெஸ்ட்_லிஸ்ட் -எம் டெஸ்ட்_அப்பெண்ட். இரண்டாவது -எம் மெத்தட் பெயரை வடிகட்டும்.

கேள்வி: அண்ணா, நிறைய டெஸ்டுகள் ஸ்கிப் ஆகின்றன. கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: காரணத்தைப் பாருங்க தம்பி. நெட்வொர்க், பெரிய ஃபைல் போன்றவை தேவைப்படும் டெஸ்டுகள் கேட்டால்தான் ஓடும். -யு ஆல் கொடுத்தால் போதும். வில்லங்கம் வேறு இடத்தில். ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர்கள் இல்லாமல் பில்ட் செய்தால் எஸ்எஸ்எல் மாட்யூலே உருவாகாது, அதன் டெஸ்டும் சத்தமில்லாமல் ஸ்கிப் ஆகும். எஸ்எஸ்எல் கோடை மாற்றியவர் பச்சையைப் பார்த்து நிம்மதியாக இருப்பார். மேக் முடிவில் வரும் ‘கிடைக்காத மாட்யூல்கள்’ பட்டியலைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

கேள்வி: ஒரு பக்கைச் சரிசெய்துவிட்டேன். டெஸ்டை எங்கே, எப்படிச் சேர்ப்பது?

பதில்: லிப்/டெஸ்ட் ஃபோல்டரில் அந்த மாட்யூலுக்கான ஃபைல் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், பொருத்தமான கிளாஸுக்குள் ஒரு மெத்தட் போதும். சின்டாக்ஸ் பிழைகளுக்கு டெஸ்ட்_சின்டாக்ஸ். அதில் பெரும்பகுதி டாக்டெஸ்ட்தான் (எடுத்துக்காட்டு வடிவில் எழுதி, வரும் விடையை ஒப்பிடும் டெஸ்ட்). எழுதியபின் ஃபிக்ஸை மட்டும் கிட்டில் ஸ்டாஷ் செய்து (தற்காலிகமாக ஒதுக்கி வைத்து) ஓட்டுங்கள், ஃபெயில் ஆக வேண்டும். ஃபிக்ஸ் சி கோடில் என்றால் ஸ்டாஷ் செய்தபின் மறுபடி மேக் கொடுக்க வேண்டும். மறந்தால் ஃபிக்ஸ் உள்ள பழைய பைனரியே ஓடி, பாஸ் காட்டும். ஃபெயில் ஆனாலும் எதனால் என்று பாருங்கள். இம்போர்ட் பிழையால் விழுந்தால் அது கணக்கில் சேராது.

எதிர்பார்த்த எக்ஸெப்ஷன் வருகிறதா என்று பார்க்கும் அசர்ட்ரெய்ஸஸ் பிளாக்குக்குள், அதை எழுப்ப வேண்டிய அந்த ஒரு வரி மட்டும் இருக்கட்டும். நாலு வரி இருந்தால் தயாரிப்பு வரியே அதே டைப்எரரை எழுப்பி டெஸ்டைப் பாஸ் ஆக்கிவிடும். மெத்தடுக்கு டாக்ஸ்ட்ரிங் (தொடக்கத்தில் எழுதும் விளக்க வரிகள்) வேண்டாம், கமெண்ட் போதும். டாக்ஸ்ட்ரிங்கின் முதல் வரியும் ரிப்போர்ட்டில் ஏறி இரைச்சல் கூடும்.

கேள்வி: என் பக் இன்டர்ப்ரெட்டரையே செக்ஃபால்ட்டில் (தவறான மெமரியைத் தொட்டு ப்ராசஸே நின்றுபோவது) தள்ளுகிறது. டெஸ்டும் சேர்ந்தே செத்துப்போகுமே?

பதில்: ஸ்கிரிப்ட்_ஹெல்ப்பரில் உள்ள அசர்ட்_பைத்தான்_ஓகே-வைப் பயன்படுத்துங்கள். சிக்கலான கோடைத் தனி ப்ராசஸில் ஓட்டி, எக்ஸிட் கோடு 0 இல்லையென்றால் எஸ்டிடிஎர்ரில் வந்த பிழைச் செய்திகளோடு ஃபெயில் காட்டும். எல்லாவற்றுக்கும் இதைப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் புது இன்டர்ப்ரெட்டர் எழுந்து வர நேரம் பிடிக்கும்.

கேள்வி: தனியாக ஓட்டினால் பாஸ், மொத்தமாக ஓட்டினால் ஃபெயில். ஏன்?

பதில்: வேறொரு டெஸ்ட் எதையோ மாற்றிவிட்டுத் திருப்பி வைக்கவில்லை: என்விரான்மென்ட் வேரியபிள், லோகேல், சிஸ்.பாத் மாதிரி. -ஜே கொடுத்தால் ஒவ்வொரு ஃபைலும் தனி ப்ராசஸில் ஓடுவதால் இது மறைந்துகொள்ளும். -ஜே இல்லாமல் சின்ன எழுத்து -ஆர் கொடுத்து வரிசையைக் கலைத்துப் பாருங்கள். அந்த வரிசையைத் தீர்மானிக்கும் எண்ணான ரேண்டம் சீடையும் அச்சிடும். அதே எண்ணை --ராண்ட்சீடுக்குக் கொடுத்தால் அதே வரிசை திரும்பக் கிடைக்கும். உங்கள் டெஸ்டில் மாற்றம் செய்த அடுத்த வரியிலேயே, அதைத் திருப்பி வைக்க ஆட்கிளீன்அப் போட்டுவிடுங்கள். கடைசி வரிக்கு விட்டால், நடுவில் ஃபெயில் ஆகும்போது அது ஓடவே ஓடாது.

கேள்வி: ரெஃபரன்ஸ் கசிவை (வேலை முடிந்தும் ஆப்ஜெக்ட்டின் ரெஃபரன்ஸ் எண்ணிக்கை குறையாமல் அது மெமரியில் தங்குவது) எப்படிப் பிடிப்பது?

பதில்: டீபக் பில்டில் பெரிய எழுத்து -ஆர், கூடவே 3:3. முதல் 3 ஓட்டம் கேஷ்கள் நிரம்ப, அடுத்த 3 கணக்கெடுக்க. [1, 1, 1] என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறினால் சி கோடில் எங்கோ டெக்ரெஃப் (அந்த எண்ணிக்கையைக் குறைக்கும் வரி) விட்டுப்போயிருக்க நல்ல வாய்ப்பு. எரர் ஆனதும் பாதியில் ரிட்டர்ன் ஆகும் இடங்களை முதலில் தேடுங்கள். [4, 0, 0] என்றால் பெரும்பாலும் தாமதமாக நிரம்பிய கேஷ். அதைக் கசிவாக எண்ணுவதில்லை.