தொப்புள் கிரானுலோமாவும் ஒரு திரும்பி வந்த சார்ட்டும்

அன்புத் தங்கைக்கு,

சென்னையில் நான்கு ஆண்டுகள் மெடிக்கல் கோடிங் (மருத்துவரின் குறிப்புகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போடும் வேலை) செய்துவிட்டு அமெரிக்கா வந்து, குழந்தைகள் நலக் கிளினிக் ஒன்றில் சேர்ந்த முதல் மாதமே நீங்கள் குறியீடு போட்ட ஒரு சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) திரும்பி வந்ததாக எழுதியிருந்தீர்கள். ஆறு வாரக் குழந்தையின் தொப்புளில் சிவந்த சதையும் கசிவும் இருப்பதாகவும், சதையைக் கருக்கும் சில்வர் நைட்ரேட் வைத்ததாகவும் மட்டுமே மருத்துவர் குறித்திருக்க, நீங்கள் அதை ஓம்ஃபலைட்டிஸ் என்று கொண்டு அதற்குரிய நோய்க் குறியீடான பி38.9 (P38.9) போட்டிருக்கிறீர்கள். அது ஏன் தவறு என்பதே உங்கள் கேள்வி.

ஓம்ஃபலைட்டிஸ் என்பது தொற்று. தொப்புளைச் சுற்றியுள்ள தோல் சிவந்து வீங்கும், சீழும் துர்நாற்றமும் இருக்கலாம், காய்ச்சல் வரலாம். பச்சைக் குழந்தைக்கு அது உயிராபத்தாகவும் முடியக்கூடும் என்பதால் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியே மருந்து கொடுப்பார்கள். கிரானுலோமா அப்படியல்ல. கொடி விழுந்த இடம் முழுதாக ஆறாமல், பட்டாணி அளவில் ஈரமும் பளபளப்புமாக ஒரு செஞ்சதை நிற்கும். சுற்றியுள்ள தோல் இயல்பாக இருக்கும். தொட்டாலும் குழந்தைக்கு வலிக்காது. சில்வர் நைட்ரேட் குச்சியை வைத்ததும் அச்சதை சாம்பல் நிறமாக மாறும். இதற்கென்றே பி83.81 (P83.81) என்ற குறியீடு 2017 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

சிகிச்சையைப் பார்த்தாலே கிரானுலோமா என்று தெரிகிறதே, பி83.81 போட்டுவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்யாதீர்கள். நோயறிதலை எழுதுவது மருத்துவரின் பொறுப்பு. எழுதாததை நாம் ஊகித்து நிரப்பக் கூடாது. 2018இல் நான் வேலை பார்த்த ஒரு கிளினிக்கில், மருத்துவர் எழுதாத தொற்றை ஊகித்துப் போட்டு, உங்களுடைய இதே தவற்றை நானும் செய்தேன். சில மாதங்கள் கழித்து வேறு மருத்துவரிடம் மாறிய ஒரு தாய், குழந்தையின் பதிவேட்டில் தொற்று என்று இருப்பதைப் பார்த்து, ஏன் என் பிள்ளைக்கு மருந்தே கொடுக்கவில்லை என்று தொலைபேசியில் அழுதார். பதிவைத் திருத்தினோம். ஆனால் அந்த அழுகுரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

28 நாள் கடந்துவிட்டதே, பிறப்பையொட்டிய காலத்தில் தோன்றும் நோய்களுக்கான பி (P) தொகுதி பொருந்துமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொருந்தும். அக்காலம் பிறப்புக்குப் பின் 28ஆம் நாள் வரை என்று வரையறுத்திருந்தாலும், அக்காலத்தில் தோன்றிய பிரச்சினை நீடிக்கும் வரை, வயது எதுவானாலும், அத்தொகுதிக் குறியீட்டையே பயன்படுத்தலாம் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: கிளினிக் சார்ட்டில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதியிருந்தால் அந்த நோய்க்குக் குறியீடு கிடையாது, அறிகுறிகளுக்குத்தான் உண்டு. உள்நோயாளர் சார்ட் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அங்கே டிஸ்சார்ஜின்போதும் நீங்காத சந்தேகத்தை உறுதியான நோயைப் போலவே குறிக்கலாம்.

சென்னையில் இருந்து அமெரிக்கச் சார்ட்டுகளுக்குக் குறியீடு போட்டபோது நமக்கும் மருத்துவருக்கும் நடுவே ஒரு கடலும் ஒரு நாளின் இலக்கும் இருந்தன. கேள்வி கேட்பதே வேகத்தைக் குறைக்கும் என்று பழகிவிட்டோம். இங்கே அவர் இரண்டு அறை தள்ளி இருக்கிறார். புதிதாக வந்தவள் கேட்டால் திறமையில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். என் அனுபவத்தில், கேட்காமல் போட்ட குறியீட்டைத்தான் மறக்கமாட்டார்கள். ஆனால் நேரில் பேசியதோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள். ‘இது கிரானுலோமாதானே?’ என்று விடையைக் கேள்விக்குள் வைக்காமல், “தொப்புளில் சிவந்த சதை, கசிவு, சில்வர் நைட்ரேட் ஆகியவை குறிப்பில் உள்ளன, இவற்றுக்குரிய நோயறிதலைத் தெரிவிக்க வேண்டுகிறேன்” என்று அனுப்புங்கள். அவர் தேதியும் கையொப்பமும் இட்டுப் பிற்சேர்க்கை எழுதித் தந்த பின், அதில் கிரானுலோமா என்று இருந்தால், பி83.81ஐயும் சில்வர் நைட்ரேட் வைத்ததற்குரிய சிகிச்சைக் குறியீடான 17250ஐயும் போட்டு அந்தச் சார்ட்டை மறுபடி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா