புறநகருக்கு லைட் ரயில்: வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: நகருக்குள் ஓடும் லைட் ரயிலை (டிராம் போன்ற இலகு ரயில்) புறநகர் வரை நீட்டப் போவதாகச் சொல்கிறார்கள். கேட்பதுதான் கேட்கிறோம், மெட்ரோவாகவே கேட்டால் என்ன? – புறநகர்வாசி ஒருவர்

கேட்கலாம், கேட்க யார் தடை? ஆனால் மெட்ரோவுக்கு அந்தக் கூட்டம் வேண்டும். பீக் ஹவரில் ஒரு திசையில் மணிக்கு 30,000 பேர் ஏறுகிற இடம் என்றால் சுரங்கம் தோண்டுவதில் நியாயம் உண்டு. பல புறநகர்ப் பாதைகளில் அதில் கால்வாசி தேறினாலே பெரிய விஷயம். லைட் ரயில் 25 மீட்டர் ஆரம் உள்ள வளைவில்கூடத் திரும்பிவிடும், சாதாரண ரயில் திணறுகிற ஏற்றத்தையும் ஏறிவிடும், அதனால் இருக்கிற தெருவிலேயே ஓட்டலாம். வண்டி சின்னதா பெரியதா என்பதை விடுங்கள். அதற்குத் தனிப் பாதை உண்டா, கார்களோடு முட்டி மோதிக்கொண்டு போகப் போகிறதா, அதைக் கேளுங்கள். நெரிசலில் மாட்டிக்கொண்டால் பஸ்ஸாவது சுற்றிக்கொண்டு போகும், தண்டவாளத்தில் ஓடுவது எங்கே போகும்?

கேள்வி: எங்கள் குடியிருப்பு வாசலிலேயே ஒரு நிறுத்தம் வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறோம். கிடைக்குமா? – குடியிருப்போர் சங்க உறுப்பினர்

கிடைத்துவிடுமோ என்பதுதான் என் கவலை. ஒரு நிறுத்தத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வண்டி வேகத்தைக் குறைக்கிறது, கதவு திறக்கிறது, இருபது முப்பது விநாடி நிற்கிறது, கதவு மூடும் நேரம் பார்த்து ஒருவர் ஓடி வருகிறார், மறுபடி திறக்கிறது, மூடிக் கிளம்பும்போது எதிரே சிக்னல் சிவப்பு. இதெல்லாம் சேர்ந்து நிறுத்தத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் போய்விடும். 20 கிலோமீட்டர் பாதையில் 20 நிறுத்தம் போதும் என்கிற இடத்தில் ஒவ்வொரு சங்கத்தையும் திருப்திப்படுத்தி 35 வைத்தால், கடைசி நிறுத்தத்தில் ஏறுகிறவருக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம் கூடுதல். அவர் மறுநாளே பைக்கை எடுத்துவிடுவார். யாருக்காகப் பாதையை நீட்டினார்களோ அவரே வரவில்லை!

நகருக்குள் 400, 500 மீட்டருக்கு ஒன்று சரி. புறநகரில் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் வண்டிக்கு வேகம் பிடிக்க இடம் கிடைக்கும். உங்கள் மனுவில் நிறுத்தத்துக்குப் பதிலாக, அடுத்த நிறுத்தம் வரை நிழலோடு ஒரு நல்ல நடைபாதையும் சாலையைக் கடக்க ஒரு சிக்னலும் கேட்டிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

கேள்வி: பக்கத்திலேயே பழைய ரயில் தண்டவாளம் சும்மா கிடக்கிறது. அதையே பயன்படுத்தினால் செலவு மிச்சம்தானே? – ஓய்வுபெற்ற பொறியாளர்

நல்ல கேள்வி, செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் பிரதான ரயில் நிலையம் நகர மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. புறநகரிலிருந்து வருகிறவர் அங்கே இறங்கி டிராம் மாற வேண்டியிருந்தது. 1992-ல் தெருவில் 750 வோல்ட் நேர்மின்சாரத்திலும் (DC), ரயில்வே பாதையில் 15,000 வோல்ட் மாறுமின்சாரத்திலும் (AC) ஓடக்கூடிய வண்டிகளை இறக்கினார்கள். பக்கத்து ஊரில் ஏறினால் கடைத்தெருவிலேயே போய் இறங்கலாம். பயணிகள் பல மடங்கு பெருகினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இரண்டு பழைய புறநகர் ரயில் பாதைகளை லைட் ரயிலாக மாற்றி, நடுவில் நகரத் தெரு வழியாக இணைத்தார்கள்.

ஆனால் பழைய தண்டவாளத்தை அப்படியே எடுத்து ஓட்டிவிட முடியாது. பிளாட்பார உயரம், சக்கரத்தின் வடிவம், மின்சாரம், சரக்கு ரயிலோடு மோதினால் தாங்குமா என்கிற பாதுகாப்பு விதி, ஒவ்வொன்றும் ஒரு தலைவலி. இப்படித் தெருவிலும் ரயில்வே பாதையிலும் கலந்து ஓட்டும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரச் சேவை பலமுறை தள்ளிப்போய் 2018 அக்டோபரில்தான் தொடங்கியது. அப்புறம் முக்கியமான ஒன்று: பழைய தண்டவாளம் பெரும்பாலும் கிடங்குகளின் முதுகுப்புறமாகப் போகும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஆள் இல்லாத இடத்தில் ரயில் விட்டு என்ன பயன்?

கேள்வி: இந்த மாதிரித் திட்டங்கள் ஏன் சொன்ன நேரத்தில் முடிவதே இல்லை? – கல்லூரி மாணவி

பல இடங்களில் காரணம் தெருவுக்கு அடியில் இருக்கிறது. குடிநீர்க் குழாய், சாக்கடை, கேபிள், யார் எப்போது புதைத்தது என்றே தெரியாதவை. பின்னாளில் ஒரு குழாய் உடைந்தால் தண்டவாளத்தைப் பெயர்க்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் முன்பே நகர்த்த வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ டிராம் திட்டத்தில் இதிலும் ஒப்பந்தத் தகராறிலும் பணம் கரைந்து, திட்டமிட்ட பாதையைப் பாதியில் வெட்டி 2014 மே மாதம் திறந்தார்கள். முழுப் பாதைக்கும் சேர்த்து 27 வண்டிகள் ஏற்கெனவே வாங்கியாயிற்று! மிச்சப் பகுதி 2023 ஜூனில்தான் திறந்தது. என்ன தவறு நடந்தது என்று விசாரிக்க 2014-ல் அறிவித்த விசாரணையின் அறிக்கையும் 2023-ல்தான் வந்தது. ரயில் கட்டியதைவிட விசாரணைக்கு அதிக காலம்.

கேள்வி: மனை விலை ஏறுமா? – பெயர் வேண்டாம்

அறிவிப்பு வந்த அன்றே ஏற ஆரம்பித்திருக்குமே, உங்களுக்குத் தெரியாதா?

கேள்வி: ரயில் வந்தால் எங்கள் நேரடி பஸ்ஸை நிறுத்திவிடுவார்களாம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது? – தினமும் வேலைக்குப் போகும் வாசகி

"நிறுத்துவீர்களா?" என்று கேட்டால் "பரிசீலிக்கிறோம்" என்பார்கள், கூட்டம் முடிந்துவிடும். இரவு ஒன்பதரைக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில், அது வரும்போது இணைப்பு பஸ் நிற்குமா, ஒரே டிக்கெட்டா என்று கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நேர அட்டவணையே பார்க்காமல் கிளம்பலாம். அரை மணிக்கு ஒன்று, அதிலும் ஒருமுறை மாற வேண்டும் என்றால் உங்கள் பஸ்ஸை விடாதீர்கள், சண்டை போடுங்கள்.

இன்னொன்று, வரைபடத்தில் புறநகர்ப் பகுதி ஒற்றைப் பாதையா இரட்டைப் பாதையா என்று பாருங்கள். செலவைக் குறைக்க முதலில் கை வைக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. ஒற்றைப் பாதையில் எதிர் ரயில் வந்து ஒதுங்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், ஒரு வண்டி ஐந்து நிமிடம் தாமதமானால் எதிரே வருவதும் தாமதம். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற வாக்குறுதி அங்கேயே காலி. இரண்டாவது பாதையைப் பிறகு போடுகிறோம் என்றால், அதற்கான இடத்தை இப்போதே ஒதுக்கிவிட்டீர்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.